அலைகரையில் வெளிப்பட்ட தாழியும் எலும்புகளும்: டி.என்.ஏ. ஆய்வு செய்ய முடியுமா?

வரலாற்று ஆசிரியை, வவுனியா வடக்கு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் குளத்தை இந்தக் கோடையில் திருத்தியபோது, அலைகரையில் மண் எடுத்துக்கொண்டிருந்த பெக்கோ இயந்திரம் பெரிய தாழி ஒன்றின் விளிம்பை உடைத்துவிட்டது. உள்ளே கறுப்பும் சிவப்புமான சிறு கலங்களின் ஓடுகளும், மண்ணோடு மண்ணாக இறுகிப்போன எலும்புத் துண்டுகளும் தெரிந்தன. தாழியிலிருந்து சில அடி தள்ளி, வெட்டுமுகத்தின் மேற்பகுதியில், வேறு சில எலும்புகளும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. கிராம அலுவலருக்கு உடனே அறிவித்தோம். பொலிசார் வந்து வேலையை நிறுத்தி, இடத்தைச் சுற்றி நாடா கட்டியிருக்கிறார்கள்.

என் உயர்தர வகுப்பு மாணவர்கள் அன்றிலிருந்து வேறெதையும் பேசுவதில்லை. கீழடிக்கு அருகே கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளிலிருந்து உருவாக்கிய முகங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "இதுக்கும் டி.என்.ஏ. எடுத்தால் முகம் தெரியுமோ ரீச்சர்? எத்தினை வருசம் பழசு எண்டு தெரியுமோ? அவை எங்கட ஆக்களோ?" என்று கேட்கிறார்கள். ஒரு மாணவன் பல் ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று கழுவி வைத்திருப்பதாகவும் அறிகிறேன்.

பிள்ளைகளின் கேள்வியை விட எனக்குப் பாரமாக இருக்கும் கேள்வி வேறொன்று. மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் ஒருவர், எலும்புகள் வெளிப்பட்ட அன்றே என் வீட்டுக்கு வந்து, அவை எந்தக் காலத்தவை என்று நிச்சயமாகச் சொல்வார்களா எனக் கேட்டார். அவருக்கு அரைகுறையாக எதையும் சொல்ல நான் விரும்பவில்லை. துறை அறிந்தவர்கள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

தொல்லியல் பட்டதாரி, பூநகரி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: டி.என்.ஏ. பகுப்பாய்வு எலும்பின் வயதை நேரடியாகச் சொல்வதில்லை. வயதைச் சொல்வது காபன் காலக்கணிப்பு. உயிர் வாழும்வரை உடலில் சேரும் கதிரியக்கக் காபன், இறந்தபின் 5730 ஆண்டுகளுக்குப் பாதி என்ற கணக்கில் குறைந்துகொண்டு போகிறது. எலும்பில் எஞ்சியுள்ள கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்து அந்தக் குறைவை அளக்கிறார்கள். எங்கள் மண்ணில் கொலாஜனும் பல வேளைகளில் எஞ்சுவதில்லை. அப்போது தாழிக்குள் இருக்கும் கரித்துண்டோ கருகிய தானியமோ கைகொடுக்கும். ஆகவே தாழிக்குள் உள்ள மண்ணை யாரும் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் சலித்துப் பார்க்காமல் எறிந்துவிட்டால் எலும்பு கிடைத்தும் பயன் பாதியாகிவிடும்.

காலக்கணிப்பு எவ்வளவு பெரிய விடயத்தைத் தீர்மானிக்கும் என்பதற்கு மன்னாரை விட அண்மையான உதாரணம் இல்லை. 2018 இல் சதொச என்ற அரச விற்பனை நிலையத்தின் கட்டடம் அமையவிருந்த இடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றிலிருந்து ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டு, 2019 மார்ச்சில் வந்த அறிக்கை அவை கி.பி. 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்டவை என்று கூறியது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் சார்பில் அந்த முடிவு குறித்துக் கேள்விகள் எழுப்பப்பட்டன. அவ்வளவு பெரிய தொகுதிக்கு ஆறு மாதிரிகள் போதுமா, ஒரே குழியில் வெவ்வேறு காலத்து எச்சங்கள் இருக்க முடியாதா என்று கேட்பது முற்றிலும் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் குளக்கரைக்கும் இது பொருந்தும். தாழிக்குள், அதன் அடிமண்ணோடு இறுகிக் கிடக்கும் எலும்பு தாழியின் காலத்தது என்று கொள்வதற்கு நல்ல அடிப்படை உண்டு. ஆனால் தாழிக்கு வெளியே, வெட்டுமுகத்தின் மேற்பகுதியில் நிற்கும் எலும்புகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பழைய படையைக் குடைந்து பிற்காலத்தில் ஒருவரைப் புதைத்திருக்கலாம். குழி வெட்டி மூடிய மண் நிறத்தாலும் இறுக்கத்தாலும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறுபட்டுத் தெரியும். அதை வாசிக்கத் தெரிந்தவர் நேரில் பார்க்க வேண்டும், மழைக்கு முன் பார்க்க வேண்டும். காலபோகத்துக்கு நீர் ஏறிவிட்டால் அந்த வெட்டுமுகம் கரைந்துவிடும்.

தாழி என்றால் உள்ளே ஒரு மனிதர் என்று எண்ணிவிடவும் கூடாது. புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில், வில்பத்துக் காட்டின் எல்லைக்குள், தாழிகளில் ஒன்றுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. உடல் வேறிடத்தில் அழிந்தபின் எலும்புகளைப் பொறுக்கியெடுத்து இடும் வழக்கம் அது. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980 இல் தொடங்கிய ஆய்வில் கண்டதோ, முழு உடலையும் நீட்டிக் கிடத்திய அடக்கம். இரண்டும் பெருங்கற்காலப் பண்பாட்டை (இரும்புக்காலத்து ஈமப் பண்பாட்டை) சேர்ந்தவையே. உங்களுடையது எவ்வகை என்பது அகழ்ந்தால்தான் தெரியும்.

மூலக்கூற்று உயிரியல் ஆய்வாளர், முள்ளியவளை (தற்போது ஜேர்மனி)

ரீச்சர், நான் பண்டைய டி.என்.ஏ. ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் அந்தப் பல்லைப் பற்றித்தான் முதலில் கவலை வந்தது. அந்தத் தம்பியைக் கண்டிக்க வேண்டாம், ஆர்வத்தில் செய்திருக்கிறார். ஆனால் இனிமேல் அதைக் கழுவவோ, வெயிலில் காயவைக்கவோ, வார்னிஷ் பூசவோ, பொலித்தீன் பையில் அடைக்கவோ வேண்டாம். பொலித்தீனுக்குள் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். சுத்தமான கடதாசி உறையில் போட்டு, எந்த இடத்தில் எடுத்தார் என்று எழுதி, பொறுப்பானவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், எங்கள் துறையின் வரலாறே கலப்படத்தோடு நடத்திய போராட்டம்தான். 1984 இல் அழிந்துபோன குவாகா என்ற விலங்கின் பதப்படுத்திய தோலிலிருந்து டி.என்.ஏ. துண்டுகளைப் படித்தபோது இத்துறை பிறந்தது. அடுத்த ஆண்டே ஸ்வாந்தே பேபோ என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர் எகிப்திய மம்மி ஒன்றின் டி.என்.ஏ.யைப் படித்ததாக வெளியிட்டார். அது இக்காலத்து மனிதர் எவருடையதோ கலந்ததாக இருக்கலாம் என்று பின்னர் கருதப்பட்டது. அதே பேபோதான், கலப்படத்தைப் பிரித்தறியும் முறைகளைப் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கி, 2010 இல், அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தால் மனிதரின் மரபணுத்தொகுதியை வெளியிட்டு, 2022 இல் நோபல் பரிசு பெற்றார்.

பழைய டி.என்.ஏ. தன் முதுமைக்குத் தானே சாட்சி சொல்லும். இறந்தபின் நீண்ட இழைகள் நூறு எழுத்துக்கும் (டி.என்.ஏ.யின் அடிப்படை அலகுகளை நாங்கள் எழுத்து என்போம்) குறைந்த சிறு துண்டுகளாக முறிந்துபோகின்றன. அத்துண்டுகளின் முனைகளில் சைற்றோசின் என்ற எழுத்து சிதைந்து, தைமின் என்ற வேறோர் எழுத்துப் போல வாசிக்கப்படுகிறது. இந்தச் சிதைவு முனைகளில் குவிந்து காணப்பட்டால் அது பழையது. நீளமாக, சிதையாமல் இருந்தால் அது தொட்டவரின் டி.என்.ஏ. ஆக இருக்கக்கூடும். ஆனால் இது நூற்றாண்டுகளைக் கணக்கிட்டுச் சொல்லும் கடிகாரம் அல்ல. சூடும் ஈரமும் மிகுந்த இடத்தில் சிதைவு விரைவாகவும் குளிர்ந்த குகையில் மெதுவாகவும் நடக்கும். வயதுக்குக் காபன் கணிப்பே வேண்டும் என்று மேலே அண்ணா சொன்னது சரி.

இப்போது வன்னியின் வெப்பத்துக்கு வருவோம். நியூசிலாந்தில் மோவா என்ற பறவையின் 158 எலும்புகளை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்ட கணிப்பின்படி, 13 பாகை செல்சியஸ் அளவில் டி.என்.ஏ.யின் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், 521 ஆண்டுகள். எங்கள் ஊரின் சராசரி வெப்பநிலை அதன் இரு மடங்குக்கு மேல். அதற்கும் மேலாக, உங்கள் எலும்புகள் கிடப்பது குளத்தின் அலைகரையில். மாரியில் நனைந்து கோடையில் வெடித்துக் காயும் மண். ஈரத்திலேயே கிடந்தாலும், காய்ந்தே கிடந்தாலும் ஓரளவு தாங்கும் எலும்பு, இப்படி மாறி மாறிப் படும்போது மிக விரைவாக அழிகிறது. இராகிகடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரியானாவில் சிந்துவெளி நாகரிகத்தின் மிகப் பெரிய இடங்களில் ஒன்று. அங்கிருந்து 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில், ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு பெண்ணிடமிருந்து மட்டுமே பயன்படத்தக்க மரபணுத் தரவு கிடைத்தது. அதையும், அவருடைய டி.என்.ஏ.யை நூறுக்கும் மேற்பட்ட தடவை வாசிப்புக்குத் தயாரித்து, கிடைத்த தரவுகளைச் சேர்த்தே 2019 இல் வெளியிட்டார்கள். அறுபத்தொன்றுக்கு ஒன்று. இதைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள், அது அவர்களுக்குப் பிடிக்கும். காதுக்குப் பின்புறமாக உங்கள் விரலை வைத்தால், அதற்கும் உள்ளே, உட்காதைச் சுற்றி, மனித உடலிலேயே மிக அடர்த்தியான எலும்பு இருக்கிறது. பிறக்கும்போதே ஏறத்தாழ முழுமையாகி, பின்னர் பெரிதாக மாற்றமடையாத எலும்பு. மற்ற எலும்புகள் கையில் உதிர்ந்துபோகும் தாழியிலும் இது கூழாங்கல் போல ஒரு கட்டியாகக் கிடக்கும். உடைத்தால் உள்ளே வெள்ளை நிறத்தில் பளபளப்பாக, கிட்டத்தட்டப் பீங்கானாகத் தெரியும். நாங்கள் மெல்லிய துளைகருவியால் அந்த வெள்ளைப் பகுதியிலிருந்து ஒரு சிட்டிகைக்கும் குறைவான பொடியை எடுக்கிறோம். தொடை எலும்பில் கிடைப்பதை விடப் பல மடங்கு டி.என்.ஏ. இதில் எஞ்சுகிறது என்று 2014, 2015 ஆம் ஆண்டுகளில் உறுதிப்பட்ட பிறகுதான் வெப்ப நாடுகளின் எலும்புகளில் நம்பிக்கை வந்தது. அகழ்வோர் பலர் இதைக் கல் என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். உங்கள் இடத்தில் அது நடக்கக்கூடாது.

முகத்தைப் பற்றி: கொந்தகை முகங்கள் டி.என்.ஏ.யிலிருந்து வந்தவை அல்ல. இரு மண்டையோடுகளின் முப்பரிமாணப் பதிவுகளைக் கொண்டு லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்தினர், எலும்பின் வடிவத்தின் மீது தசையையும் தோலையும் கணித்து உருவாக்கியவை. உங்கள் தாழியில் முழு மண்டையோடு இல்லாவிட்டால் அது நடவாது.

"எங்கட ஆக்களோ" என்ற கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். தாயிடமிருந்து மட்டும் வரும் இழைமணி (மைற்றோகொண்ட்ரியா) டி.என்.ஏ. 16,569 எழுத்துகள் கொண்டது. ஒரு கலத்தில் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால் அதுவே அதிகம் எஞ்சுகிறது. இலங்கையின் இரண்டு குகைகளில் கிடைத்த இடைக்கற்கால வேட்டுவர் இருவரின் இழைமணித் தொகுதிகள் முழுமையாக வாசிக்கப்பட்டு 2023 இல் வெளியாயின. ஒன்று எம்18ஏ, மற்றையது எம்35ஏ என்று பெயரிடப்பட்ட தாய்வழி மரபுக் கிளை. எம்18ஏ இன்று சிங்களவரிடமும், இலங்கைத் தமிழரிடமும், மலையகத் தமிழரிடமும் சிறு அளவில் காணப்படுகிறது. எம்35ஏ எல்லா மக்களிடமும் உண்டு, சிங்களவரிடம் சற்றுக் கூடுதலாக. இரண்டுமே தென்னாசியாவுக்கு உரியவை. ஆக, இந்தத் தீவில் எங்கே தோண்டினாலும் வெளிப்படுபவர் இன்றுள்ள எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவினராகவே இருப்பார். அவர் பேசிய மொழியையும் வணங்கிய தெய்வத்தையும் டி.என்.ஏ. அறியாது. இன்னாரின் மூதாதை இவர் என்று காட்ட வேண்டுமானால் எழுத்தில் உள்ள வம்சாவழி வேண்டும். 2012 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வாகனத் தரிப்பிடத்தின் கீழ் கிடைத்த எலும்புகள் மூன்றாம் ரிச்சர்ட் மன்னருடையவை என்று உறுதிசெய்ய முடிந்தது, அவருடைய சகோதரியின் தாய்வழிச் சந்ததி ஆவணங்களில் இருந்ததால்.

டி.என்.ஏ. உண்மையிலேயே சொல்லக்கூடியவை இவற்றை விட எனக்குச் சுவையானவை. தாழியில் சேர்த்து வைக்கப்பட்டவர்கள் தாயும் பிள்ளையுமா, அண்ணன் தம்பியா, உறவே இல்லாதவர்களா? சிறுபிள்ளையின் எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எக்ஸ், வை நிறமூர்த்தங்களின் துண்டுகளை எண்ணினால் தெரிந்துவிடும். ஒரே ஊரில் ஆண்கள் எல்லோரும் ஒரு தந்தைவழியினராகவும் பெண்கள் பல தாய்வழியினராகவும் இருந்தால், பெண்கள் மணமுடித்து வந்தவர்கள் என்று ஊகிக்கலாம். குளம் கட்டி வாழ்ந்த முதல் மக்களின் குடும்பம் எப்படி இருந்தது என்று கேட்க எங்களிடம் வேறு வழி இல்லை, ரீச்சர்.

சட்ட மருத்துவத் துறையில் பணியாற்றுபவர்

அந்தத் தாயின் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன்.

அவருக்கு இப்போது சொல்லக்கூடியது இதுதான்: தாழிக்குள் உள்ளவை மிகப் பழையவையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம், வெளியே உள்ளவற்றைப் பற்றி இன்னும் எவரும் எதையும் சொல்ல முடியாது. வன்னியில் நிலத்திலிருந்து மனித எலும்பு வெளிப்பட்டால் அது நீதவானின் கட்டளைப்படி, சட்ட வைத்திய அதிகாரியின் முன்னிலையில் கையாளப்பட வேண்டிய ஒன்று. பழையது என்று கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடும் ஒன்று அல்ல. 2013 டிசம்பரில் மன்னார் மாவட்டத்துத் திருக்கேதீச்சரத்திலும், 2023 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயிலும் நீர்க்குழாய் பதிக்க வெட்டிய குழிகளில்தான் எலும்புகள் வெளிப்பட்டு, மனிதப் புதைகுழிகள் தெரியவந்தன. ஆடைத் துண்டு, பொத்தான், பற்களில் செய்த மருத்துவ நிரப்பல், இக்கால உலோகப் பொருள் போன்றவை முதலில் பார்க்கப்படும். இவற்றில் ஏதும் இருந்தால் அது தொல்லியல் அல்ல.

அண்மைக்கால எச்சங்களில் செய்யப்படும் டி.என்.ஏ. ஆய்வு, மேலே தங்கை விளக்கியதிலிருந்து நோக்கத்திலேயே வேறுபட்டது. அங்கே மக்கள்தொகுதியின் வரலாறு தேடப்படுகிறது; இங்கே ஒரு பெயர் தேடப்படுகிறது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் தரும் இரத்தம் அல்லது உமிழ்நீர் மாதிரியை எலும்பின் மாதிரியுடன் ஒப்பிட்டே பெயர் கண்டறியப்படுகிறது. உறவினரின் மாதிரி இல்லாமல் எலும்பிலிருந்து மட்டும் பெயர் வராது. பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8000 பேரில், ஒருவரின் எலும்புகளே பல குழிகளுக்குப் பிரித்து மாற்றப்பட்டிருந்த நிலையிலும், ஏழாயிரம் பேரளவில் இந்த வழியில் அடையாளம் காணப்பட்டார்கள். அங்கே பல்லாயிரம் உறவினர்கள் மாதிரி கொடுத்திருந்தார்கள். இங்கே தாய் தந்தையர் முதுமையடைந்து ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களது மாதிரிகள் முறையாக, அவர்களது சம்மதத்தோடு, நம்பகமான கைகளில் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அம்மாவிடம் "அது இல்லை" என்றும் சொல்லாதீர்கள், "இருக்கலாம்" என்றும் சொல்லாதீர்கள். மேற்பகுதி எலும்புகள் தனியாகப் பரிசோதிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றத்தில் கோர அவருக்கு உதவுங்கள். அது அவரது உரிமை.

மாந்தை மேற்கு வாசகர்

பிள்ளைகள் எழுதியதெல்லாம் படித்தேன். நல்ல விளக்கம். எனக்கு ஒரு மனக்குறை மட்டும் உண்டு. எங்கள் பக்கத்தில் கிடைத்தவை பெட்டியில் போட்டுக் கொண்டுபோகப்பட்டால், பிறகு அவற்றைப் பற்றி ஊரவருக்கு ஒரு சொல்லும் வருவதில்லை. மாதிரி வெளிநாட்டுக்குப் போனால் முடிவு ஆங்கிலத்தில் எங்கோ வெளியாகும். தோண்டிய ஊருக்குத் தெரியாது. அத்துடன், அவர்கள் யாராக இருந்தாலும் முறையாக அடக்கம் செய்யப்பட்டவர்கள். பொடியாக்கிப் பார்ப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்பது?

மூலக்கூற்று உயிரியல் ஆய்வாளர், முள்ளியவளை (தற்போது ஜேர்மனி)

ஐயா, நீங்கள் கேட்டது எங்கள் துறைக்குள்ளும் ஓயாமல் கேட்கப்படும் கேள்வி. எடுக்கும் பொடி திரும்பாது. ஆகவே எல்லா எலும்பையும் பொடியாக்கக் கூடாது, தேவையான ஒன்றிரண்டை மட்டும், அதற்கு முன் முப்பரிமாணப் படமும் அளவும் எடுத்த பின்னரே தொட வேண்டும் என்பது இப்போது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. ஒரு பல்லின் வேரிலிருந்தே டி.என்.ஏ.யும் காபன் கணிப்புக்கான பகுதியும் பெற முயலலாம்; தலைப்பகுதி முழுதாகத் திரும்பி வரும். இங்கே அனுமதி சட்டப்படி அரசிடமிருந்து பெறப்பட வேண்டியதே. அதனால் ஊரின் சம்மதம் தேவையற்றதாகிவிடாது. ஆய்வாளர்கள் முதலில் ஊர்ச் சங்கத்தில் வந்து பேச வேண்டும், முடிவையும் அங்கே தமிழில் வந்து சொல்ல வேண்டும்.

ரீச்சர், இதை ஊர் அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் எழுத்தில் கேளுங்கள். அகழ்வின்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையினரும் உடனிருக்க வேண்டும் என்று கேளுங்கள். எலும்பை எடுப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். எலும்பைச் சுற்றியுள்ள மண்ணிலும் ஒரு கைப்பிடி தனியாக எடுக்கப்பட வேண்டும், ஏனெனில் எலும்பில் கிடைப்பது எலும்பினுடையதா மண்ணினுடையதா என்று ஒப்பிட அது வேண்டும். அகழ்ந்தோர் ஒவ்வொருவரது பெயரும் பதிவில் இருக்க வேண்டும். மாதிரி வெளிநாடு சென்றால் மீதி எப்போது, யாரிடம் திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெறப்படும் டி.என்.ஏ. எழுத்துத்தொடர்கள் எவரும் தரவிறக்கக்கூடிய பொதுத் தரவகத்தில் வைக்கப்பட வேண்டும். அப்படி வைத்தால், இன்று உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளை ஒருவர் சில ஆண்டுகளில் ஒரு கணினியோடு உட்கார்ந்து அதே தரவை மறுபடி சோதிக்க முடியும்.

கோரிக்கைக் கடிதத்தின் வரைவு வேண்டுமானால் எழுதுங்கள், இன்றிரவே அனுப்பிவைக்கிறேன். மழை தொடங்குவதற்கு முன் அந்த வெட்டுமுகத்தின் மேல் ஒரு தறப்பாள் போட்டு, நீர் வழிந்தோட ஓரத்தில் சிறு வாய்க்கால் வெட்டி வைக்குமாறு பொலிசாரிடம் கேட்பதைத் தயவுசெய்து நாளைக்கே செய்துவிடுங்கள்.